கல்லூரி கட்டத் தேவன் அழைக்காதவர்கள் கட்டிய கல்லூரிகள்

#1 தாழ்வாரம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பூர்வீகத்தை ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டிருந்தேன். டியூக், எமரி, நார்த்வெஸ்டர்ன், பாஸ்டன், சிராக்யூஸ், வாண்டர்பில்ட், சதர்ன் மெதடிஸ்ட், தென் கலிஃபோர்னியா. எல்லாவற்றின் தொட்டிலிலும் ஒரே புராட்டஸ்டன்ட் சபை, மெதடிஸ்ட். கடைசிப் பெயரிலாவது சபை இருக்கிறது, மற்றவற்றில் அதுவும் இல்லை.

எனக்குப் புரியாதது இதுதான். நான் அறிந்தவரை மெதடிஸ்டுகள் திறந்தவெளியில் கண்ணீர் மல்கப் பிரசங்கம் செய்தவர்கள். அமெரிக்காவில் குதிரை மேல் ஊர் ஊராகப் போன பிரசங்கியார்களில் பலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். அவர்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம்? பிரஸ்பிட்டேரியன் என்ற இன்னொரு சபைக்காரன் ஒன்று கட்டினான், நாமும் கட்டுவோம் என்ற போட்டிதானா? நான் அப்படித்தான் நினைக்கிறேன். தப்பென்றால் திருத்துங்கள்.

#2 பழுப்புத் தாள்

போட்டியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கதையைக் குதிரையிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். அது ஆரம்பிப்பது ஆக்ஸ்ஃபோர்டில்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1726இல் அங்கே லிங்கன் கல்லூரியின் ஃபெல்லோ, அதாவது கல்லூரிக் குழு உறுப்பினர், ஆனவர். தம்பி சார்லஸ் கிறைஸ்ட் சர்ச் மாணவர். 1729 வாக்கில் அவர்களைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. நேரம் வகுத்துப் படிப்பார்கள், ஜெபிப்பார்கள், விரதம் இருப்பார்கள், சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரு முறை, ஒரு அட்டவணை. அதைப் பார்த்த சக மாணவர்கள் கேலியாக ஒட்டிய பட்டம்தான் 'மெதடிஸ்ட்'. பிரசங்க மேடையில் பிறந்த பெயர் இல்லை, கல்லூரி விடுதியில் பிறந்த நக்கல். நம் பேச்சுமொழியில் 'அட்டவணைக்காரன்' என்று சொல்வோமே, அந்த மாதிரி.

வெஸ்லி 1748இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் பள்ளியைத் திறந்தார். அது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. பிள்ளைகள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்துவிட வேண்டும். விளையாட்டு கிடையாது, விடுமுறையும் கிடையாது. பின்னாளில் அங்கே உயர்படிப்பும் சேர்ந்தது. இந்தப் பாடத்திட்டத்தை ஒழுங்காக முடித்தவன் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளில் பத்துக்கு ஒன்பது பேரைவிடத் தேர்ந்த படிப்பாளியாக இருப்பான் என்று வெஸ்லி எழுதினார். கொஞ்சம் பெருமைதான், ஆனால் காரணம் உண்டு. 1768இல் மெதடிசப் போக்குக்காக ஆறு மாணவர்களை ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் எட்மண்ட் ஹால் வெளியே அனுப்பியிருந்தது. கதவைச் சாத்தினால் நாங்களே ஒரு கதவு வைத்துக்கொள்கிறோம் என்ற ரோஷம் அது.

படிக்காத பிரசங்கியார்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெஸ்லி அவர்களைப் படிக்காமல் விட்டதே இல்லை. தினம் ஐந்து மணிநேரம் வாசிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு வாசிப்பில் ருசி இல்லை என்று ஒருவன் சொன்னால், ருசியை வரவழைத்துக்கொள், இல்லாவிட்டால் உன் பழைய தொழிலுக்கே போ என்பது பதில். அவர்களுக்காகவே 50 தொகுதிகளில் ஒரு நூல்வரிசையைச் சுருக்கித் தொகுத்து அச்சிட்டார். குதிரைச் சேணப்பையில் புத்தகம் இருந்தது என்பதை மறந்துவிட்டுக் குதிரையை மட்டும் பார்க்கிறோம்.

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1784இல் சபை அங்கே அமைப்பாக உருவான கையோடு கல்லூரிக்கும் திட்டம் போட்டுவிட்டார்கள். தாமஸ் கோக், ஃபிரான்சிஸ் ஆஸ்பரி என்ற இரு தலைவர்களின் பெயரையும் ஒட்டவைத்து 'கோக்ஸ்பரி கல்லூரி'. மேரிலாந்தின் அபிங்டனில் 1787இல் திறந்தது. அதன் விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும். உலகம் விளையாட்டு என்று எதையெல்லாம் சொல்கிறதோ அது எதற்கும் அனுமதி இல்லை. அதற்குப் பதில் தோட்டவேலை, நடை, குதிரையேற்றம், தச்சுவேலை. ஆற்றில் குளிக்கவே கூடாது. குளியல் தொட்டியில் குளிக்கலாம், ஆனால் ஆசிரியரோ அவர் நியமித்த ஒருவரோ கூடவே நிற்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பையன்தான் இறங்கலாம், தண்ணீரில் ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

1795 டிசம்பரில் ஓர் இரவு அது எரிந்து சாம்பலானது. பால்டிமோரில் வேறு கட்டடத்தில் மறுபடி தொடங்கினார்கள். ஒரு வருஷத்தில் அதுவும் எரிந்தது. ஆஸ்பரி தம் நாட்குறிப்பில் எழுதியதன் சாரம்: மெதடிஸ்டுகளைக் கல்லூரி கட்டத் தேவன் அழைக்கவில்லை. நான் பள்ளிக்கூடங்கள் போதும் என்றேன், கோக்தான் கல்லூரி கேட்டார்.

#3 குட்டிச்சுவர்

ஒரு நிமிஷத்தில் குளித்து முடிக்க வேண்டுமா? எனக்குச் சோப்பைத் தேடவே அவ்வளவு நேரம் ஆகும். எரித்தது மாணவர்கள்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

#4 உப்புக்காற்று

பழுப்புத் தாள் ஐயா அருமையாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார். அந்தக் கல்லூரியைப் பற்றி வெஸ்லியே என்ன சொன்னார்? 1788இல் ஆஸ்பரிக்கு அவர் போட்ட கடிதம் சாட்டையடி. நான் சிறியவனாக இருக்கப் பழகுகிறேன், நீ பெரியவனாகப் பார்க்கிறாய். நான் ஊர்கிறேன், நீ நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறாய். நான் பள்ளி வைத்தேன், நீ கல்லூரி வைக்கிறாய், அதற்கு உங்கள் பெயரையே வேறு சூட்டிக்கொள்கிறீர்கள்! இதுதான் அந்தக் கடிதத்தின் தொனி. ஆக, மூலவருக்கும் கல்லூரி மேல் மோகம் இல்லை. உற்சவருக்கும் தீ விபத்துக்குப் பிறகு இல்லை. பின்னே 'மெதடிஸ்ட் மரபு உயர்கல்வியை வளர்த்தது' என்று எப்படிச் சொல்வது? தாழ்வாரம் சொல்வதே சரி. அந்தஸ்து தேடிய பிற்காலத்தார் வேலை இது.

#5 பழுப்புத் தாள்

உற்சவர் உவமை பிரமாதம், எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் கடிதத்தில் வெஸ்லி கோபப்பட்டது படிப்பின் மேல் இல்லை, பெயர்ப்பலகையின் மேல். சரி, அதை விடுங்கள். ஆஸ்பரி 1816இல் காலமானார். 1820இல் சபையின் பொது மாநாடு, ஒவ்வொரு வட்டார மாநாடும் தன் எல்லைக்குள் ஒரு கல்வி நிலையம் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. அதற்கப்புறம் அணை உடைந்த மாதிரிதான். 1831இல் கனெக்டிகட்டில் வெஸ்லியன், 1836இல் ஜார்ஜியாவில் எமரி. 1837இல் இண்டியானாவில் ஒன்று தொடங்கினார்கள், இன்றைய டிபாவ். அன்றைக்கு அதன் பெயர் என்ன தெரியுமா? இண்டியானா ஆஸ்பரி பல்கலைக்கழகம். கல்லூரி வேண்டாம் என்ற மனுஷன் பெயரிலேயே பல்கலைக்கழகம்.

பீட்டர் கார்ட்ரைட் என்று ஒருவர் இருந்தார். அசல் குதிரைப் பிரசங்கியார், காட்டு எல்லையில் முரடர்களோடு மல்லுக்கட்டியவர். 1846இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனை எதிர்த்து நின்று தோற்றவர். பட்டம் படித்துவிட்டு வரும் இளம் பிரசங்கியார்களைப் பார்த்தால் மரநிழலில் வெளிறி வளர்ந்த கீரை ஞாபகம் வருகிறது என்று கிண்டல் அடித்தவர். அதே ஆள் இல்லினாயில் மெக்கெண்ட்ரி, இல்லினாய் வெஸ்லியன் முதலிய கல்லூரிகளைத் தொடங்க முன்நின்றார். இதை அந்தஸ்து ஆசை என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தனக்குக் கிடைக்காததைத் திட்டிக்கொண்டே பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் அப்பாவை நாம் பார்த்ததில்லையா?

#6 வெள்ளிவீதியாள்

யாருக்குக் கதவு திறந்தது என்று யாரும் கேட்கவில்லையே? இவ்வளவு நேரமும் பையன்கள் குளித்த கதைதான்.

ஜார்ஜியாவில் மேக்கன் நகரில் 1836இல் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரிக்குச் சாசனம் வாங்கினார்கள், பெண்களுக்குப் பட்டம் கொடுக்கும் உரிமையோடு. 1840இல் 11 பெண்கள் பட்டம் பெற்றார்கள். இன்று அதன் பெயர் வெஸ்லியன் கல்லூரி. சீனாவின் சூங் சகோதரிகளை நினைவிருக்கிறதா? சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னை மணந்த சிங்-லிங்கும், அக்கா ஐ-லிங்கும் அங்கேதான் பட்டம் பெற்றார்கள். மெய்-லிங்கும் சில காலம் அங்கே இருந்தார். அவர்கள் அப்பா சார்லி சூங் படித்தது டிரினிட்டி கல்லூரியிலும் வாண்டர்பில்ட்டிலும். டிரினிட்டிதான் பிறகு டியூக் ஆனது. ஒரு குடும்பம், மூன்று மெதடிஸ்ட் வளாகங்கள், அப்புறம் சீன வரலாறு.

அமெரிக்காவில் முதன்முதல் முனைவர் பட்டம் பெற்ற பெண் ஹெலன் மாகில், 1877, பாஸ்டன் பல்கலைக்கழகம். ஆசியாவுக்கு வந்தால் இசபெல்லா தோபர்ன். 1870இல் லக்னோவின் அமீனாபாத் கடைவீதியில், ஒற்றை அறையில், ஆறு சிறுமிகளோடு தொடங்கினார். 1886இல் அது கல்லூரி வகுப்பு வரை வளர்ந்தது. அதே 1886இல் சியோலில் மேரி ஸ்கிராண்டன் ஒரே ஒரு மாணவியோடு தொடங்கியதுதான் இன்றைய இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம்.

போட்டி, அந்தஸ்து என்கிறீர்கள். ஒரு மாணவியோடு பள்ளி நடத்துவதில் என்ன அந்தஸ்து?

#7 உப்புக்காற்று

அக்கா, அது நியாயமான கேள்வி. ஆனால் டியூக்கில் பெண்களைச் சேர்த்ததற்குப் பணம் ஒரு காரணம். 1896இல் வாஷிங்டன் டியூக் ஒரு லட்சம் டாலர் தந்தபோது, ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். சபை தானாகச் செய்யவில்லை.

#8 வெள்ளிவீதியாள்

அந்த வாஷிங்டன் டியூக் யார்? ஆயுளெல்லாம் மெதடிஸ்ட். சபை என்றால் மாநாடும் பிஷப்பும் மட்டும்தானா? பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் சபை இல்லையா?

#9 கணக்குப்பிள்ளை

பணம் என்ற சொல் வந்ததும் நான் வந்தாயிற்று.

இந்தக் கல்லூரிகள் எப்படிப் பிழைத்தன என்று பாருங்கள். நார்த்வெஸ்டர்ன் தொடக்கத்தில் 'நிரந்தர உதவித்தொகைப் பத்திரம்' விற்றது. 100 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினால் உங்களுக்கும் உங்கள் வாரிசுகளுக்கும் கட்டணம் இல்லாத படிப்பு. இப்படிப் பத்திரம் விற்ற கல்லூரிகள் வேறு சிலவும் உண்டு. கைக்காசு உடனே வந்தது. பின்னால் வந்ததோ கட்டணம் கட்டாத மாணவர் கூட்டம். விதைநெல்லை விற்றுச் சாப்பிட்ட கதை. அதே நார்த்வெஸ்டர்னுக்கு 1855இல் சாசனத் திருத்தம் ஒன்று கிடைத்தது: கல்லூரியிலிருந்து நான்கு மைல் சுற்றளவுக்குள் மது விற்கக் கூடாது. மது வாடையே ஆகாத சபை, ஆனால் டியூக் எழுந்தது புகையிலைப் பணத்தில். 1924இல் ஜேம்ஸ் பி. டியூக் 4 கோடி டாலரில் அறக்கட்டளை வைத்தார், டிரினிட்டி டியூக் ஆனது. எமரியை அட்லாண்டாவுக்குக் கொண்டுவந்தது கொக்கோ கோலா. ஆசா கேண்ட்லர் 10 லட்சம் டாலர் கொடுத்தார். அவருடைய தம்பி வாரன் மெதடிஸ்ட் பிஷப்.

எமரிக்கு ஏன் அந்தப் பணம் போயிற்று? அதற்குள் ஒரு வழக்கு இருக்கிறது. வாண்டர்பில்ட்டை 1873இல் தொடங்கியது, அடிமைமுறைத் தகராறில் 1844இல் உடைந்த சபையின் தெற்குப் பாதியான தென் மெதடிஸ்ட் சபை, ரயில்வே அதிபர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் கொடுத்த பணத்தில். நாற்பது வருஷம் கழித்து அறங்காவலர்கள் பெரிதா, பிஷப்புகள் பெரிதா என்று தகராறு. 1913இல் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகி மருத்துவப் பள்ளிக்கு 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். பிஷப்புகள் தடுத்தார்கள். 1914இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அறங்காவலர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. சபை தன் கைப்பிள்ளையை இழந்தது. ரோஷத்தில் இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்தது: கிழக்கே எமரி, மேற்கே டாலஸில் சதர்ன் மெதடிஸ்ட். பாருங்கள், அந்த டாலஸ் பிள்ளையும் 2019இல் தன் சாசனத்தைத் திருத்தி, தன் மேல் சபைக்கு அதிகாரம் இல்லை என்றது. மறுபடி கோர்ட்.

இன்னொன்று. கார்னகியின் அறக்கட்டளை பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க முன்வந்தது, ஆனால் ஒரு சபையின் பிடியில் உள்ள கல்லூரிக்குக் கிடையாது. பல கல்லூரிகளில் சபைக் கட்டு தளர்ந்ததற்கு டார்வினைவிட அந்த ஓய்வூதியம்தான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். விசுவாசம் போயிற்று என்று எல்லோரும் புத்தகம் எழுதுகிறார்கள். பென்ஷன் ஃபைலை யாரும் புரட்டுவதில்லை.

#10 குட்டிச்சுவர்

அந்த 100 டாலர் பத்திரம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள், வாரிசாக வர நான் தயார்.

#11 தாழ்வாரம்

கேள்வி கேட்டவன் நான்தான், கொஞ்சம் மாறிவிட்டேன். போட்டி என்று மட்டும் சொன்னது அவசரம். ஆனால் கணக்குப்பிள்ளை அண்ணே எழுதியதைப் பார்த்தால் வேறு கேள்வி வருகிறது. எல்லாம் கைவிட்டுப் போய்விட்டதென்றால் 'செல்வாக்கு' என்று எதைச் சொல்வது? கட்டடத்தையா?

#12 செம்மண்

கறுப்பின மக்கள் பற்றி ஒரு வரி கூட வராமல் 11 பதிவு ஓடிவிட்டது. உங்கள் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது, தாழ்வாரம்.

முதலில் அசிங்கம். வெஸ்லி 1774லேயே அடிமை முறையைக் கண்டித்து எழுதியவர். ஆனால் அமெரிக்கச் சபை 1844இல் உடைந்ததே அடிமைகளை வைத்திருந்த ஒரு பிஷப்பை முன்னிட்டுத்தான். அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ. எமரியின் முதல் அறங்காவலர் குழுத் தலைவரும் அவரே. எமரி, டியூக் இரண்டும் இளநிலைப் படிப்பில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க 1963 ஆனது. கடவுளும் கல்வியும் கைகோத்தன என்று பாடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பாடட்டும்.

மறுபக்கம். ஒஹாயோவில் 1856இல் தொடங்கிய வில்பர்ஃபோர்ஸை 1863இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை 10,000 டாலருக்கு வாங்கியது. விலை பேசிய பிஷப் டேனியல் பெய்னின் கையில் அப்போது காசு இல்லை. கறுப்பின மக்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நடத்திய கல்லூரி, உள்நாட்டுப் போர் முடியும் முன்பே. போர் முடிந்ததும் மிசிசிப்பியில் ரஸ்ட் 1866, தென் கரோலினாவில் கிளாஃப்லின் 1869, அட்லாண்டாவில் கிளார்க் 1869, நாஷ்வில்லில் மெஹாரி மருத்துவக் கல்லூரி 1876. எல்லாம் வடக்கு மெதடிஸ்டுகளின் விடுதலையானோர் உதவிச் சங்கத்தோடு தொடர்புடையவை. கட்டடம் எரிந்தாலும் மாறினாலும், மெஹாரியில் படித்த மருத்துவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். அதைக் கோர்ட்டில் பிரித்துக்கொள்ள முடியாது.

ஒரே சபையில் இரண்டு முகங்களைப் பார்க்க ஒரு ஜோடி சம்பவம். 1878: வாண்டர்பில்ட்டில் அலெக்சாண்டர் வின்செல் என்ற புவியியல் அறிஞர், ஆதாமுக்கு முன்பும் மனிதர்கள் இருந்தார்கள் என்று எழுதினார். பிஷப் மெக்டயர் தலைமையில் அவருடைய பதவியே ரத்தானது. 1903: டிரினிட்டியில் ஜான் ஸ்பென்சர் பாசெட், தென்னகத்தில் நூறாண்டில் பிறந்தவர்களில், உள்நாட்டுப் போரில் தெற்கின் தளபதியான ஜெனரல் லீக்கு அடுத்த பெரிய மனிதர் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் என்று எழுதினார். தென்னகமே கொதித்தது. ஜோசஃபஸ் டேனியல்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் அவர் பெயரின் நடுவே இருக்கும் கழுதை என்ற ஆங்கிலச் சொல் எடுப்பாகத் தெரியும்படி அச்சுக்கோத்து அசிங்கப்படுத்தினார். பாசெட்டை நீக்கு என்றார்கள். கல்லூரித் தலைவர் கில்கோ, இவர் போனால் நானும் போவேன் என்று நின்றார். அறங்காவலர்கள் வாக்களித்தார்கள்: வைத்துக்கொள்ள 18, அனுப்ப 7. மாணவர்கள் கல்லூரி மணியை அடித்துக் கொண்டாடினார்கள். கல்விச் சுதந்திரம் என்று இன்று பேசுகிறோமே, அமெரிக்காவில் அதற்கு ஆரம்ப எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது. அந்த அறங்காவலர்களில் பலர் சபை ஆட்கள்.

#13 ஒற்றைப்பனை

நம் பக்கமும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். பழுப்புத் தாள் சொன்ன அந்தத் தாமஸ் கோக், கல்லூரி கேட்டவர், இலங்கைக்குப் புறப்பட்டு வரும் வழியில் 1814இல் கப்பலிலேயே இறந்தார். கூட வந்தவர்கள் இலங்கையின் காலித் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அதே வருஷம் வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்குப் போனார். ஒரு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை, இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் மத்திய கல்லூரி.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளி, பின்னாளில் யாழ் மத்திய கல்லூரி. அதன் தலைவர் பீட்டர் பெர்சிவலிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, அவரோடு பைபிளைத் தமிழாக்க உட்கார்ந்தவர் ஆறுமுக நாவலர். 1848இல் அந்த வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பு பிரித்த பள்ளி, அச்சிட்ட பாடநூல், மேடையில் தொடர்ச்சொற்பொழிவு. மிஷனரிகளின் ஆயுதங்களைக் கைப்பற்றி அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். செல்வாக்கு எது என்று கேட்டீர்களே, எதிராளியும் உங்கள் முறையிலேயே பள்ளி கட்டுகிறான் என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

#14 உப்புக்காற்று

அண்ணா, அது பள்ளிக்கூடம். தலைப்பு உயர்கல்வி.

#15 ஒற்றைப்பனை

தெரியும். 'பள்ளி போதும், கல்லூரி எதற்கு' என்று ஆஸ்பரி கேட்ட அதே இடத்துக்கு வந்துவிட்டீர்கள், வாழ்த்துகள்.

#16 பழுப்புத் தாள்

ஒன்றைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகிறேன். சலிப்பான விஷயம், அதனால்தான் யாரும் பேசுவதில்லை. 1892இல் வடக்கு மெதடிஸ்ட் சபை ஒரு 'பல்கலைக்கழக செனட்' அமைத்தது. தெருவுக்குத் தெரு கல்லூரி என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்த காலம். எது கல்லூரி, எது வெறும் பள்ளி, பட்டம் கொடுக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று அந்த செனட் தரம் வகுத்தது. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏற்பாடுகளில் மிக முந்தியவற்றுள் ஒன்று. தன் சொந்தக் கல்லூரிகளையே, நீ கல்லூரி இல்லை என்று சொல்லத் துணிந்த சபை. மறுபடியும் அட்டவணைக்காரர்கள்!

#17 தாழ்வாரம்

செம்மண் எழுதிய 12ஆம் பதிவை மூன்று முறை படித்தேன். பாசெட் கட்டுரையைத் தேடிப் படிக்கப் போகிறேன். வாண்டர்பில்ட் சபையிலிருந்து பிரிந்தபிறகு இனப் பிரச்சினையில் தாராளமானதா? 'சபைப் பிடி போனால் சுதந்திரம்' என்ற கணக்கு சரிதானா?

#18 செம்மண்

கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. ஜேம்ஸ் லாசன் என்று ஒரு மெதடிஸ்ட் இளைஞர். கொரியப் போருக்கு ஆள் எடுத்தபோது போக மறுத்துச் சிறை சென்றவர். 1953இலிருந்து மூன்று ஆண்டு நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்தார், சபை அனுப்பித்தான். காந்தியின் வழியை அங்கே ஊன்றிப் படித்தார். திரும்பிப் போய் வாண்டர்பில்ட் இறையியல் பள்ளியில் சேர்ந்தார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நாஷ்வில் உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து போராடியபோது அவர்களுக்கு அகிம்சைப் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். 1960 மார்ச்சில் வாண்டர்பில்ட் அவரை வெளியேற்றியது. அப்போது அது சபையிடமிருந்து விடுதலை பெற்று 46 வருஷம் ஆகியிருந்தது. பேராசிரியர்கள் பலர் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். லாசன் பட்டத்தை முடித்தது பாஸ்டன் பல்கலைக்கழகத்தில். மார்ட்டின் லூதர் கிங் 1955இல் முனைவர் பட்டம் வாங்கிய அதே இடம்.

#19 குட்டிச்சுவர்

அப்புறம் வாண்டர்பில்ட் மன்னிப்பாவது கேட்டதா?

#20 செம்மண்

2006இல் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்தது. வயது எழுபத்தெட்டு. போய்ப் பாடம் நடத்தினார்.